பங்குப் பண்ணையில் விளைச்சல் ஒரே சமயத்தில் குவிவதையும் இடையில் கூடை வெறுமையாவதையும் எப்படிச் சரிசெய்வது?

கேள்வி
எழுதியவர்: வரப்போரம்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் என் தாயாரும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 2 ஏக்கரில் பண்ணை நடத்துகிறோம். ஒன்றேகால் ஏக்கரில் காய்கறி பயிரிடுகிறோம். மீதியில் தீவனப்புல்லும், 2 மாடுகளும், 30 கோழிகளும் இருக்கின்றன. 24 குடும்பங்கள் பருவத் தொடக்கத்திலேயே தங்கள் பங்குத் தொகையைக் கொடுத்துவிட்டு, பண்ணையில் விளைவதை வாரத்திற்கு ஒரு கூடையாகப் பெற்றுக்கொள்கின்றன. இது எங்களுக்கு மூன்றாவது ஆண்டு.

சென்ற பருவத்தில் பீன்ஸ், தக்காளி, வெள்ளரி மூன்றும் ஒரே நேரத்தில் காய்ப்புக்கு வந்தன. ஏறக்குறைய 6 வாரங்கள், விடிவதற்கு முன்பே வயலில் இறங்கி இருட்டிய பிறகே கரையேறினோம். ஒரு நாள் பீன்ஸ் பறித்து முடிக்க முற்பகல் தாண்டிவிட்டது. நிழலுக்குக் கொண்டுவந்த கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மாலைக்குள் காய்கள் துவண்டு, முனை சுருங்கிப்போயின. அத்தனை உழைப்பில் வந்ததை மாட்டுக்குப் போட நேர்ந்தது எங்களுக்குப் பெரிய வருத்தம். அதைவிட வருத்தம், அந்த 6 வாரங்கள் முடிந்ததும் தொடர்ந்து 4 வாரங்கள் கூடையில் கீரையையும் பூசணியையும் தவிர வைப்பதற்கு எதுவும் இல்லாமல் போனதுதான். குடும்பங்கள் குறையாக எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் கூடையை நீட்டும்போது என் மனைவியால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விளைச்சலை எப்படிப் பரவலாக்குவது? குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடலாமா? மாதம் ஒரு நாள் உதவிக்கு வருகிறவர்களை எந்த வேலையில் ஈடுபடுத்துவது? பயிரில்லாத காலத்தில் நாங்கள் செய்யத் தவறுவது ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: நாற்றங்கால்

ஐயா, உங்கள் கேள்வியில் ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது. நிலம் எப்போது தயாராகிறதோ அப்போது முழுவதையும் விதைத்துவிடுகிறீர்கள் என்று தெரிகிறது. பங்குப் பண்ணையில் கணக்கைக் கூடையிலிருந்து தொடங்கி, பின்னோக்கிப் போட்டுக்கொண்டு விதைப்புக்கு வர வேண்டும். ஒரு குடும்பத்திற்கு வாரம் அரைக் கிலோ பீன்ஸ் என்றால் 24 குடும்பங்களுக்கு 12 கிலோ. அந்த 12 கிலோவைத் தரக்கூடிய பாத்தி எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு முறைக்கு விதைக்க வேண்டும். செடி பீன்ஸ் விதைத்த 50 முதல் 60 நாட்களில் காய்ப்புக்கு வந்து, இரண்டு மூன்று வாரங்களில் ஓய்ந்துவிடும். எனவே அதே அளவு பாத்தியை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை புதிதாக விதைத்துக்கொண்டே வர வேண்டும். 30 நாட்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும் சிறு முள்ளங்கியைப் பத்து நாட்களுக்கு ஒரு முறை சிறிது சிறிதாக விதைக்கலாம். தக்காளியை ஒரே நாற்றங்காலில் முடித்துவிடாமல், ஒரு மாத இடைவெளியில் இரண்டு மூன்று தொகுதிகளாக நடுங்கள்.

இதில் நான் பல ஆண்டுகள் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. நாள்காட்டியைப் பார்த்துச் சரியாக 14 நாட்களுக்கு ஒரு முறை விதைத்தால் அறுவடையும் 14 நாட்களுக்கு ஒரு முறை வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அப்படி வருவதில்லை. மண் குளிர்ந்திருக்கும்போது முதலில் போட்ட விதை மெதுவாக முளைத்து மெதுவாக வளர்கிறது. பிறகு போட்ட விதை வெப்பம் ஏறிய மண்ணில் விழுவதால் வேகமாக எழுந்து முந்தையதை எட்டிப் பிடித்துவிடுகிறது. கடைசியில் இரண்டு பாத்திகளும் சில நாள் வித்தியாசத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். உங்களுக்கு நேர்ந்த குவியலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது நான் நாளை எண்ணுவதில்லை, செடியைப் பார்க்கிறேன். முந்தைய பாத்தியில் விதையிலைகளுக்கு மேல் முதல் உண்மையிலை விரிந்ததும் அடுத்த பாத்தியை விதைக்கிறேன். குளிரில் இடைவெளி தானாக நீள்கிறது, வெயிலில் தானாகச் சுருங்குகிறது.

வெற்று வாரங்களுக்குச் சேமிப்புப் பயிர்கள் கைகொடுக்கும். வெங்காயத்தில் பாதிக்கு மேல் தாள் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்திப் பிடுங்கி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரங்கள் பரப்பி வையுங்கள். கழுத்தை விரலால் நசுக்கிப் பார்த்தால் ஈரம் தெரியக் கூடாது. தெரிந்தால் அது அழுகிவிடும், அதை உடனே கூடைக்கு அனுப்பிவிடுங்கள். பூசணியைக் காம்போடு வெட்டி, பத்து நாட்கள் வெதுவெதுப்பான உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் தோல் இறுகிக் காயங்கள் ஆறும். அதன் பிறகு அது பல மாதங்கள் தாங்கும். காம்பைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள். காம்பு பிடுங்கிக்கொண்ட இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

பதில் 2
எழுதியவர்: களைக்கொத்து

தம்பி, நாற்றங்கால் அவர்கள் சொன்ன விதைப்புக் கணக்கை நானும் ஏற்கிறேன். ஆனால் உங்கள் பண்ணையில் குறைவாக இருப்பது நிலமோ விதையோ அல்ல, கைகள்தான் என்று எனக்குப் படுகிறது. குடும்பங்களைக் குறைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு சிறிய குறிப்பேடு போடுங்கள். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று மட்டும் அன்றன்று இரவு எழுதிவையுங்கள். நாங்கள் எழுதத் தொடங்கிய பிறகுதான், உழுவதும் நடுவதும் எங்களைக் களைப்படையச் செய்யவில்லை, பறிப்பதும் தரம் பிரிப்பதும் கட்டுவதும்தான் எங்கள் நாளை விழுங்குகின்றன என்பது தெரிந்தது. செடி பீன்ஸுக்காக நாள் முழுவதும் குனிந்தே கிடந்தோம். அதில் பாதியைப் பந்தலில் ஏறும் கொடி பீன்ஸாக மாற்றினோம். அது காய்ப்புக்கு வரச் சற்று அதிக நாட்கள் எடுத்துக்கொண்டாலும், பல வாரங்கள் தொடர்ந்து காய்க்கிறது, நின்றபடியே பறிக்கலாம். என் மாமியாருக்கு முதுகுவலி இருந்தும் இன்று அந்தப் பந்தல் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.

பறிப்பை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு பறித்த காய் வயலின் சூட்டைத் தனக்குள் வைத்துக்கொண்டு வருகிறது. நேரம் தப்பிவிட்டால், ஈரத்துணி போர்த்திய தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள்; ஆழமான கூடையில் குவிக்காதீர்கள்.

உதவிக்கு வருகிறவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் அன்பினால் வருகிறார்கள், ஆனால் அவர்களுக்குச் செடி தெரியாது. எங்களிடம் வந்த ஒருவர் காலை முழுவதும் மிகுந்த சிரத்தையோடு ஒரு பாத்தியைச் சுத்தமாகக் களையெடுத்துவிட்டு, மகிழ்ச்சியோடு எங்களை அழைத்துக் காட்டினார். அவர் பிடுங்கிப் போட்டிருந்தது வெங்காய நாற்று. முளைத்த புதிதில் வெங்காயம் புல்லைப் போலத்தான் இருக்கும். அதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. அவர் கையில் இருந்த அந்த மெல்லிய பச்சைக் கற்றைகளைப் பார்த்தபோது எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. அன்றிலிருந்து, தவறினாலும் பயிருக்குக் கேடு வராத வேலைகளையே அவர்களுக்கு ஒதுக்குகிறோம். மூடாக்குப் பரப்புவது, எருக்குவியலைப் புரட்டுவது, உலர்ந்த வெங்காயத்தின் தாளை நறுக்கிச் சுத்தம் செய்வது, விதை உதிர்த்துத் தூற்றுவது ஆகியவை அப்படிப்பட்டவை. வேலை 3 மணி நேரத்திற்கு மேல் வேண்டாம். வருகிறவர்களுக்கு முந்தைய நாள் மாலையே கருவிகளை எடுத்து வைத்துவிட்டால் காலையில் தடுமாற்றம் இருக்காது.

கூடை வெறுமையாக இருந்ததற்காக உங்கள் மனைவி முகம் தாழ்த்த வேண்டியதே இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். இந்த ஏற்பாடே அதற்காக உருவானது. 1970களில் ஜப்பானில் டெய்கெய் என்ற பெயரில் உழவர்களும் உண்போரும் நேரடியாகக் கைகோத்தபோதும், 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷையரிலும் முதல் இரண்டு பங்குப் பண்ணைகள் தொடங்கியபோதும், விளைச்சலையும் இழப்பையும் சேர்ந்தே ஏற்பது என்பது அவற்றின் அடிப்படையாக இருந்தது. குடும்பங்கள் உங்களுக்குக் கொடுத்திருப்பது அந்தப் பருவத்தின் பங்குக்கான தொகை. ஒவ்வொரு வாரமும் இத்தனை கிலோ என்பதற்கான விலை அன்று. ஆனால் இதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எந்த வாரங்களில் கூடை இலேசாக இருக்கும் என்று பருவத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு கூடையோடும் வயலில் என்ன நடக்கிறது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். நாங்கள் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டிருக்கிறோம். பெரியவர்கள் எழுதினால் வராத செய்திகளெல்லாம் அதில் வருகின்றன.

பதில் 3
எழுதியவர்: எருக்குழி

இருவரும் சொன்னவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரு பாத்தி ஓய்ந்ததும் அடுத்ததை விதைத்துக்கொண்டே போனால் கூடை நிரம்பும், மண் இளைக்கும். எந்த நேரத்திலும் நிலத்தில் நான்கில் ஒரு பங்கு பசுந்தாள் பயிரின் கீழ் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைச் சேர்க்கும் பயறு வகை எதையாவது விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மண்ணோடு மடக்கி உழுதுவிடுங்கள். பிந்தினால் தண்டு நார் பாய்ந்து, மட்குவதற்கு நாளாகும். மடக்கிய பிறகு இரண்டு மூன்று வாரங்கள் விட்டு விதைக்கலாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை ஒரே தாவரக் குடும்பம். அவற்றில் ஒன்றை நட்ட பாத்திக்கு அவை திரும்பி வர 3 ஆண்டுகளாவது ஆகட்டும். இதற்காகப் பங்குக் குடும்பங்களில் சிலவற்றைக் குறைக்க நேர்ந்தாலும் குறையுங்கள். அகல உழுவதை விட ஆழ உழு என்பது கூடைக் கணக்குக்கும் பொருந்தும்.

பயிரில்லாத காலம் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்த பருவத்தின் நெருக்கடி அந்த நாட்களில்தான் தீர்மானமாகிறது. எருக்குவியலை அப்போதே எழுப்ப வேண்டும். ஒரு கனமீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. காய்ந்த தழையையும் பச்சைத் தழையையும் சாணத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினால், உள்ளே 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறி, களை விதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். சூடு தணியும்போது புரட்டுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் அரும்ப வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

மீதமுள்ள விதைகளை அப்போதே சோதித்துவிடுங்கள். 20 விதைகளை ஈரத்துணியில் மடித்து வைத்து எண்ணுங்கள். 14 முளைத்தால் நூற்றுக்கு 70. அதற்கேற்ப நெருக்கமாக விதைக்கலாம், அல்லது புது விதை வாங்கலாம். தக்காளி விதை நன்றாக உலர்த்தி வைத்திருந்தால் நான்கைந்து ஆண்டுகள் தாங்கும். வெங்காய விதை ஓராண்டைத் தாண்டினாலே சந்தேகம்தான். உங்கள் விதைப்பு அட்டவணை சிறப்பாக இருந்தும் பாத்தி பாதி வெறுமையாகக் கிடந்தால், விதையைத்தான் முதலில் பாருங்கள்.

கோழிகளைப் பற்றியும் ஒரு சொல். பகல் குறுகும்போது அவை முட்டையைக் குறைத்து இறகுதிர்க்கும். சிலர் விளக்கு வைத்து முட்டையிடச் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. அந்த வாரங்களில் புரதம் மிகுந்த தீவனம் கொடுத்து, ஓய்வெடுக்க விட்டுவிடுகிறேன். உங்கள் குடும்பத்திற்கும் அதே ஓய்வு தேவை. ஆண்டில் இரண்டு வாரங்களாவது கூடை இல்லை என்று அறிவித்துவிடுங்கள்.

வரப்போரம் மீண்டும் எழுதுகிறார்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. களைக்கொத்து அம்மா எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார்.

நேற்று நாங்கள் நால்வரும் தாயாரோடு உட்கார்ந்து, சென்ற பருவத்தை நினைவிலிருந்து வாரம் வாரமாக எழுதிப் பார்த்தோம். குறிப்பேடு இல்லாததால் மணிக்கணக்கு துல்லியமாக இல்லை. ஆனாலும் அந்த 6 வாரங்களில் பாதிக்கு மேல் பீன்ஸ் பாத்தியிலேயே கழிந்தது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆகவே செடி பீன்ஸை மூன்று சிறு விதைப்புகளாகப் பிரிக்கிறோம், முதல் உண்மையிலையை அடையாளமாக வைத்துக்கொள்கிறோம், மீதியைப் பந்தலுக்கு மாற்றுகிறோம். நிலத்தில் நான்கில் ஒரு பங்கு பசுந்தாளுக்குப் போகிறது. யாரையும் போகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தாங்களாக விலகும் குடும்பங்களின் இடத்தை நிரப்பாமல் விட்டு, 20இல் நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு ஓய்வு வாரங்களை மகள் இப்போதே நாள்காட்டியில் வட்டமிட்டுவிட்டாள்.

எருக்குழி ஐயா சொன்னபடி, கையிருப்பில் இருந்த வெங்காய விதையில் 20 எண்ணி ஈரத்துணியில் மடித்து நேற்று மாலை வைத்திருக்கிறோம். விதை எந்த ஆண்டினுடையது என்று உறையில் எழுதி வைக்கவில்லை. பத்தாம் நாள் எண்ணிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.