மாத்திரை முடிந்த மறுநாள் வந்த தடிப்பு: எந்தப் பரிசோதனை கேட்பது?

அம்மாவுக்கு வயது 61. பல்லில் சீழ் வைத்ததற்காக அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் என்ற ஆன்டிபயாடிக் 625 மி.கி., தினம் இரண்டு வேளை, 7 நாள் சாப்பிட்டார். முதல் 3 நாள் கூடவே வலிக்கு ஐபுப்ரோஃபென். எட்டாம் நாள் காலை மார்பிலும் முதுகிலும் சிவந்த சிறு புள்ளிகள். மாலைக்குள் தொடை வரை இறங்கிவிட்டன. தடவிப் பார்த்தால் மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பு, நல்ல அரிப்பு. காய்ச்சல், வாய்ப்புண், கொப்புளம், முகவீக்கம் இல்லை. பயந்துபோய் முதலில் தேடியது இந்த ஆபத்து அறிகுறிகளைத்தான்.

அரிப்புக்குச் செட்டிரிசின் 5 நாள் கொடுத்தோம், பெரிய பலனில்லை. ஸ்டீராய்டு களிம்பு பூசிய பிறகு தோல் உரிந்து அடங்கியது. ஆறு வாரம் கழித்துத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்தார்கள். 20 நிமிடத்தில் பார்த்துவிட்டு ‘ஒவ்வாமை இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். அது உடனடி ஒவ்வாமைக்கான சோதனை அல்லவா? டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களால் வரும் தாமத வகையை 48, 72 மணி நேரம் கழித்தல்லவா பார்க்க வேண்டும்? இரத்தத்தில் ஐஜிஇ (உடனடி ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் எதிர்ப்புப் பொருள்) இயல்பு என்று வந்ததும் அதே காரணத்தால் எனக்கு ஆறுதல் தரவில்லை.

அடுத்த மாதம் மீண்டும் பல் சிகிச்சை இருக்கிறது. பேட்ச் சோதனை (மருந்தைத் தோலில் ஒட்டி வைத்துப் பார்ப்பது), தோலுக்குள் ஊசி போட்டுத் தாமதமாகப் பார்ப்பது, மருத்துவர் கண்காணிப்பில் மருந்தையே கொடுத்துப் பார்ப்பது: இப்படித் தடிப்பு வந்தவர்களுக்கு இவற்றில் எது தெளிவான விடை தந்தது?