செயல்தவிர், மீள், பிரி, பழையபடி: கண்ட்ரோல் இசட்டுக்கு எந்தச் சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். கணினியில் கண்ட்ரோல் இசட் தட்டினால் நடக்கும் ‘அன்டூ’ (Undo) கட்டளைக்குத் தமிழில் எந்தச் சொல்லை வைக்கலாம் என்ற நம் பேச்சில் என் கருத்தையும் சொல்கிறேன்.

ஆவணத்தில் கடைசியாகச் செய்ததை இல்லையென்று ஆக்கி, அதற்கு முந்திய நிலைக்குக் கொண்டுபோகும் கட்டளைக்குப் பல மென்பொருள்களில் ‘செயல்தவிர்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். இதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. தவிர்ப்பது நடக்குமுன் செய்கிற காரியம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத ஆண்டில், பம்புசெட் இல்லாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறுவையைத் தவிர்த்துவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பார்கள். நட்டு முடித்த குறுவையைத் தவிர்த்தோம் என்று எவரும் சொல்வதில்லை. கணினியிலோ காரியம் நடந்து முடிந்த பிறகுதான் இந்தப் பொத்தானுக்கு வேலையே வருகிறது.

‘செயல்நீக்கு’ இன்னும் மோசம். கும்பகோணத்தில் டிடிபி கடை நடத்துகிறேன். பட்டா மாறுதல் மனு, கும்பாபிஷேகப் பத்திரிகை, மாணவர்களின் ஆய்வேடு என்று நாள் முழுவதும் தமிழ்தான். மனு கொண்டுவரும் பெரியவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, திரையைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். புல எண்ணும் நான்கெல்லையும் அடங்கிய பத்தியைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும்போது ஒரு விசையில் விரல் பட்டுவிட்டால், பத்தி முழுவதும் போய் அந்த ஓர் எழுத்து மட்டும் நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு முகம் வெளுத்துவிடும். அந்த நேரத்தில் ‘நீக்கு’ என்று முடிகிற பொத்தானை அழுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? இந்தக் கட்டளை அடித்ததை எடுக்கும், எடுத்ததைக் கொண்டுவரும். இரண்டுமே அதன் வேலை என்பதால் நீக்கு, அழி, விலக்கு ஆகிய மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

தமிழில் அழிப்பதற்கே இரண்டு வழக்கு இருப்பதையும் மறக்கக் கூடாது. ‘கொள்ளிடம்’ என்ற சொல்லில் முதல் எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால், பெரும்பாலான நிரல்களில் ஒகரக் குறி மட்டும் உதிர்ந்து ‘க’ நிற்கும். அதே எழுத்துக்கு முன்னால் நின்று டெலிட் தட்டினால் முழு எழுத்தும் போய்விடும். அழித்தல் என்ற சொல் இந்த இரண்டையும் சுமக்கவே திணறுகிறது. மூன்றாவது சுமை வேண்டாம்.

இந்தப் பேச்சில் நண்பர் ஒருவர் முன்மொழிந்த ‘மீள்’ என்ற சொல் சுருக்கமானது, அழகானது. ஆனால் மீள்பதிவு, மீள்பார்வை, மீள்குடியேற்றம் என்று ‘மறுபடியும்’ என்ற பொருளில் அது ஊன்றிவிட்டது. பொத்தானில் ‘மீள்’ என்று கண்டால் பாதிப்பேர் அதை எதிர்க் கட்டளையான ‘ரீடூ’வாக (Redo), அதாவது விலக்கியதைத் திரும்பச் செய்வதாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு அம்புக்குறிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தில் இந்தக் குழப்பம் ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்திருந்த சொல் ‘பிரி’. கட்டியதை, கோத்ததை முந்திய நிலைக்குக் கொண்டுபோவதற்குத் தமிழன் வாயில் இயல்பாக வருவது அதுதான். பந்தலைப் பிரிக்கிறோம். கீற்றுக் கூரையைப் பிரித்து வேய்கிறோம். சட்டை இறுக்கமாக இருந்தால் தையற்காரர் தையலைப் பிரித்துத் தைக்கிறார். திருபுவனத்துத் தறியில் ஊடை பிசகினாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும். இவ்வளவு இருந்தும் அதைக் கைவிடுகிறேன். அட்டவணையில் ஒரு கட்டத்தை இரண்டாக்குவதற்கும், ஆவணத்தைப் பாகங்களாக்குவதற்கும் ‘பிரி’ வேண்டும். ஒரே கருவிப்பட்டையில் ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு வைக்க முடியாது.

என் முன்மொழிவு: அன்டூவுக்குப் ‘பழையபடி’, ரீடூவுக்கு ‘மறுபடி’.

இரண்டும் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். பொத்தானில் அடங்கும். பழையபடி என்றால் முன்பு இருந்தவாறு. அழுத்தினால் என்ன நடக்கும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ‘படி’ என்பதற்கு ஏறி இறங்கும் படி என்ற பொருளும் இருப்பது நமக்கு ஆதாயம். இந்த வசதி வந்த தொடக்கத்தில் பெரும்பாலும் கடைசிச் செயல் ஒன்றைத்தான் திருப்ப முடிந்தது. இன்று லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் வழக்கமாக 100 செயல்களை நினைவில் வைத்திருக்கிறது. ‘100 படி வரை’ என்று அமைப்புப் பக்கத்தில் எழுதினால் யாருக்கும் புரியும். ஒன்றன்மேல் ஒன்றாகச் செயல்கள் சேரும் இடத்தைப் ‘படியடுக்கு’ எனலாம்.

‘மறுபடி’யின் பொருத்தம் இன்னும் கூடுதல். வேர்டில் கண்ட்ரோல் ஒய் தட்டினால், முன்பு எதையாவது திருப்பியிருந்தால் அதைத் திரும்பச் செய்யும். எதையும் திருப்பவில்லையென்றால் கடைசிச் செயலை இன்னொரு முறை செய்யும். ஆங்கிலத்தில் இதற்கு ரீடூ, ரிப்பீட் என்று இரண்டு பெயர். தமிழில் ‘மறுபடி’ இரண்டையும் தாங்கும். பட்டியலில் ‘மறுபடி ஒட்டு’, ‘மறுபடி வெட்டு’ என்று வரும்போது நம் வாக்கிய ஒழுங்கும் கெடுவதில்லை. நான்கு படி பின்னால் போன பிறகு புதிதாக ஓர் எழுத்து அடித்துவிட்டால் ‘மறுபடி’ மங்கிவிடும். வந்த வழி அதோடு போயிற்று. புதியவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

வெட்டு, ஒட்டு, நகலெடு எல்லாம் வினையாக இருக்க, இவை மட்டும் வினையல்லவே என்ற மறுப்பு வரும். நியாயமானது. முழு வாக்கியம் வேண்டிய உதவிப் பக்கங்களில் ‘பழையபடி ஆக்கு’, ‘மறுபடி செய்’ என்று எழுதலாம். பொத்தானில் வினை விகுதி இல்லாததால் எந்தப் பொருளும் குறைந்துவிடாது. 1976-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் இருவர், கடைசியாகக் கொடுத்த கட்டளையையாவது திரும்பப் பெற வழி வேண்டும் என்று எழுதினார்கள். பயப்படாமல் எழுதலாம் என்ற தைரியத்தைக் கொடுப்பதுதான் இந்த வசதியின் பயன். பெயரே மிரட்டினால் அந்தப் பயன் கிடைக்காது.

பலர் திருத்தும் ஆவணத்தில் மாற்றங்களைத் தடம் காட்டும் வசதி வேறு. இதனோடு கலக்க வேண்டாம். அங்கே பிறர் செய்த திருத்தத்தைத் தள்ளுவது, நம் செயலைத் திருப்புவது ஆகாது. ‘தள்ளுபடி’ நீதிமன்ற வழக்கில் சரியான சொல்தான், நம் ‘படி’ வரிசையிலும் உட்காரும். ஆனால் ஜவுளிக்கடை விளம்பரம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த இடத்துக்கு ‘ஏற்பு’, ‘நிராகரிப்பு’ போதும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால், பொத்தானில் வைத்துப் பார்த்த பிறகு எழுதுங்கள்.