நூரெம்பெர்க் கிறிஸ்துமஸ் மார்க்கெட்: வயசான அப்பா அம்மாவை கூட்டிட்டு போகலாமா?

கேள்வி:
வணக்கம். நாங்க மியூனிக்ல இருக்கோம், டிசம்பர்ல ஊர்ல இருந்து அப்பா அம்மா வராங்க, ஒரு நாள் நூரெம்பெர்க் மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போகணும்னு ரொம்ப ஆசை. அப்பாக்கு முட்டிவலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது. அம்மா முட்டை கூட சாப்பிட மாட்டாங்க. 5 வயசு பொண்ணு வேற. அந்த கூட்டத்துலயும் குளிர்லயும் கஷ்டப்படாம ரசிக்க முடியுமா? எந்த நாள், எந்த நேரம் நல்லது?

பதில் 1:
தாராளமா போங்க ப்ரோ. சனி ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேண்டாம், மார்க்கெட் நடக்குற ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்துல நகரவே முடியாது. வாரநாள்ல பேயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் செல்லுற டிக்கெட்) எடுத்துட்டு 9 மணிக்கு மேல ரீஜனல் ட்ரெயின்ல கிளம்புங்க (ஐசிஇ அதிவேக ட்ரெயின்ல அது செல்லாது), 12 மணிக்குள்ள ஃப்ராவன்கிர்ஹ சர்ச் முன்னாடி நின்னுடலாம். அங்க 1509ல வச்ச கடிகாரம் இருக்கு, நடுப்பகல்ல ஏழு இளவரசர் பொம்மைங்க வெளிய வந்து நாலாம் சார்லஸ் பேரரசரை சுத்தி வரும், குழந்தைங்க கண்ணை எடுக்காம பாக்கும். அப்புறம் அப்பாவை லோரென்ஸ்கிர்ஹ சர்ச் உள்ள கூட்டிட்டு போய் உக்கார வைங்க, ஃபைட் ஷ்டோஸ்ங்கற சிற்பி 1518ல செதுக்கி முடிச்ச மரச்சிற்பம் மேல இருந்து தொங்கும், அவ்ளோ அழகு. நாலே கால் வாக்குல இருட்ட ஆரம்பிக்கும், விளக்கு எல்லாம் எரியுறப்ப மறுபடி மார்க்கெட்டுக்கு வாங்க. அந்த ஒரு மணி நேரம்தான் மார்க்கெட்டே, அதுக்காக அப்பாவோட தெம்பை மிச்சம் பிடிச்சு வைங்க.

பதில் 2:
தம்பி, சாப்பாட்டுக்கு நான் சொல்றேன். அம்மாக்கு சுட்ட செஸ்ட்நட், சர்க்கரைல வறுத்த பாதாம் ரெண்டும் கவலையே இல்லாம வாங்கி குடுக்கலாம். உருளைக்கிழங்கு புஃபர் (துருவின கிழங்குல சுடுற அடை) பாத்தா ஆசையா இருக்கும், ஆனா மாவுல முட்டை சேப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. லெப்கூகன்லயும் (மசாலா வாசனை வர்ற அந்த ஊர் கேக் பிஸ்கட்) பெரும்பாலும் முட்டை இருக்கும். நீங்க சாப்பிடுவீங்கன்னா எலீசன்ங்கற உயர்தர லெப்கூகன் பாத்து வாங்குங்க, அதுல நட்ஸ் 25 சதவீதத்துக்கு குறையக்கூடாது, மாவு 10 சதவீதத்தை தாண்டக்கூடாதுன்னு விதியே இருக்கு, ருசி வேற மாதிரி. பாப்பாக்கு கிண்டர்புன்ஷ்னு குழந்தைங்களுக்கான சூடான பானம், அதுல ஆல்கஹால் கிடையாது. கப்புக்கு டெபாசிட் வாங்குவாங்க, திருப்பி குடுத்தா காசு வந்துடும், ஞாபகத்துக்கு வேணும்னா கப்பையே வச்சுக்கலாம்.

பதில் 3:
குழந்தையோட போறவங்க ஹான்ஸ் சாக்ஸ் பிளாட்ஸ் சதுக்கத்துல இருக்க கிண்டர்வைநாஹ்ட்டை (குழந்தைங்களுக்கான கிறிஸ்துமஸ் மார்க்கெட்) விடாதீங்க, பெரிய மார்க்கெட்ல இருந்து ரெண்டு எட்டுதான், ராட்டினம், குட்டி ரயில் எல்லாம் அங்கதான். கிறிஸ்ட்கிண்ட்ங்கற கிறிஸ்துமஸ் தேவதை வேஷத்துல தங்க நிற கிரீடம் வச்ச பொண்ணு (ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தரை அந்த ஊர்லயே தேர்ந்தெடுப்பாங்க) வாரநாள் மதியம் வருவாங்க, நேரத்தை மார்க்கெட் சைட்ல பாத்துக்கோங்க. வாங்குறதுக்கு என் சாய்ஸ் ட்ஸ்வெட்ச்கென்மென்லே, காஞ்ச பிளம்ல உடம்பு, வால்நட்ல தலைன்னு பண்ற பொம்மை, அந்த ஊரோட சொந்த கைவேலை. கல் பாவின தரைல இருந்துதான் குளிர் ஏறும், அதனால ஜாக்கெட்டை விட தடிமனான சோல் இருக்க ஷூவும் கம்பளி சாக்ஸும் முக்கியம், அப்பாக்கு அதை முதல்ல வாங்கிடுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும்! 24ம் தேதி போலாமா?

பதில் 1:
வேண்டாம் ப்ரோ, அன்னிக்கு மதியமே மூடிடுவாங்க, விளக்கு வெளிச்சத்துல பாக்க முடியாது. அதுக்கு முந்தின வாரம் செவ்வாய் இல்லன்னா புதன் போட்டுக்கோங்க.