மேலே எழுத்து அழிந்த ஃப்ளாஷ் சிப், அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம். ஒரு பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான லினக்ஸ் மென்பொருள்) ஏற்றப் பார்க்கிறேன். உள்ளே 8 கால் எஸ்பிஐ நார் ஃப்ளாஷ் (ரவுட்டரின் மென்பொருள் இருக்கும் மெமரி சிப்), மேலே இருந்த எழுத்தைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டார்கள். கெர்னல் பூட் ஆகும்போது தெரியாத ஜெடெக் ஐடி (சிப்பின் தயாரிப்பாளர், வகை, கொள்ளளவைச் சொல்லும் எண்) என்று சொல்லி நின்றுவிடுகிறது, அதில் வரும் பைட்டுகள் ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) 20 70 18.

சந்தேகத்துக்குச் சிப்பைக் கழற்றி, 3.3 வோல்ட்டுக்கு மாற்றிய சிஎச்341ஏ ப்ரோகிராமரில் வைத்து ஐடியைப் படிக்கும் 9எஃப் கட்டளை கொடுத்தாலும் அதேதான் வருகிறது, அதனால் ரீடிங் சரி என்றே நினைக்கிறேன். கடைசி 18 என்பது தசமத்தில் 24, கொள்ளளவு 2இன் 24ஆம் அடுக்கு பைட், அதாவது 16 எம்பி. குழப்பம் முதல் பைட்டில்தான். 20 என்பது மைக்ரானுக்கு உரியது, ஆனால் எக்ஸ்எம்சி என்ற இன்னொரு நிறுவனத்தின் சிப்புகளும் அதையே காட்டுகின்றன. மைக்ரானின் என்25க்யூ128இல் நடு பைட் பிஏ அல்லது பிபி என்று வரும், இங்கே 70. அதனால் எக்ஸ்எம்25க்யூஹெச்128ஏ ஆகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

கெர்னலின் ஃப்ளாஷ் டிரைவர் பட்டியலில் இந்த ஐடிக்கு ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் 4கே அழிப்பு (4 கேபி துண்டுகளாக அழிப்பது), குவாட் ரீட் (நான்கு கம்பிகளில் ஒரே நேரத்தில் படிப்பது) இரண்டையும் ஊகத்தில் போட்டு, பூட்லோடர் (ரவுட்டரைத் தொடங்கிவைக்கும் நிரல்) பகுதி அழிந்துபோனால் ரவுட்டர் எழுந்திருக்காது.

இதே ஐடி உள்ள சிப் யாரிடமாவது இருக்கிறதா? 5ஏ கட்டளையில் வரும் எஸ்எஃப்டிபி (சிப் தன் திறன்களைத் தானே சொல்லும் அட்டவணை) டம்பைப் பகிர்ந்தால் என்னுடையதோடு ஒப்பிட்டுவிடுவேன். குவாட் எனேபிள் பிட் எந்த ரிஜிஸ்டரில் என்று டேட்டாஷீட் பார்த்து யாராவது சொன்னாலும் போதும். பழைய கெர்னலில் இந்தச் சிப்பை ஓட்டியவர்கள் பேட்ச் வைத்திருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள்.