தூண்டில் புழுவை உயிரோடும் சுத்தமாகவும் வைத்திருப்பது: வடசென்னை நண்பர்களின் அனுபவப் பகிர்வு

தண்டையார்பேட்டை மொட்டைமாடி:

ரெட்டேரிக்கும் மாதவரம் ஏரிக்கும் தூண்டிலோடு போகிறவர்கள் முள்ளின் அளவைப் பற்றியும் நரம்பின் கனத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். புழு டப்பாவைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டால் மட்டும் தயங்குவார்கள். உள்ளே பாதிப் புழு வெளுத்துக் கூழாகிக் கிடக்கும். மூடியைத் திறந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவார். கெளுத்தி எதையும் தின்னும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் அதே கெளுத்தி, நெளிகிற புழுவையும் செத்த புழுவையும் அருகருகே போட்டால் எதை முதலில் கவ்வுகிறது என்று ஒரு மாலை முழுவதும் பார்த்தவர்கள் அந்தச் சமாதானத்தை ஏற்கமாட்டார்கள்.

மொட்டைமாடியில் மண்தொட்டி வைத்துப் பல ஆண்டுகளாகப் புழு வளர்த்துவருகிறேன். நான் கண்டவரை நம் ஊரில் புழு பசியால் சாவதில்லை. சூட்டாலும் நாம் ஊற்றும் தண்ணீராலும்தான் சாகிறது. இந்த இரண்டையும் கவனித்தால் மற்றவை தாமாகவே சரியாகிவிடும்.

முதலில் சூடு. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் புழுவை ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் இப்போது இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. அந்தக் காணொளிகளில் வருவது குளிர்நாட்டு மண்புழு. அது பத்து டிகிரிக்குக் கீழேயும் வாரக்கணக்கில் சுகமாக இருக்கும். நம்மிடம் மண்புழு உரம் தயாரிப்பவர்களிடமிருந்து வருவது பெரும்பாலும் ஆப்பிரிக்க மண்புழு என்று சொல்லப்படும் யூட்ரிலஸ் யூஜெனியே. வெப்பமண்டலத்தைச் சேர்ந்த அந்த இனத்துக்கு 25 முதல் 30 டிகிரி வரை ஒத்துக்கொள்ளும், 12 டிகிரிக்குக் கீழே போனால் சோர்ந்து செத்துவிடும். என் மைத்துனர் ஒருமுறை அக்காவுக்குத் தெரியாமல் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு டப்பாவை ஒளித்துவைத்தார். மறுநாள் விடியற்காலையில் திறந்தபோது புழுக்கள் எல்லாம் இழுவை போன ரப்பர் பேண்டுகளைப் போல நீண்டு கிடந்தன, விரலால் தொட்டபோது ஒன்றுகூடச் சுருங்கவில்லை. அக்காவிடம் அவர் வாங்கிய திட்டு வேறு கதை.

அப்படியானால் கத்திரி வெயிலில், வெளியே நாற்பது டிகிரியைத் தாண்டும்போது என்ன செய்வது? வர்ணம் பூசாத, சுட்ட மண்தொட்டியே போதும். அதன் சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் மண் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். தொட்டியைச் சுற்றி ஈரக் கோணிப்பையைப் போர்த்தி, தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்குப் பக்கத்து நிழலில் வைத்து, காலையும் மாலையும் கோணியை மட்டும் நனைத்துவந்தால் மே மாதத்தையும் கடந்துவிடலாம். பிளாஸ்டிக் வாளியில் இது நடக்காது. காற்றோட்டத்துக்கு எத்தனை துளை போட்டாலும் வெயில் நேரத்தில் அது உள்ளே ஆவி கட்டிப் புழுவை அவித்துவிடும்.

அடுத்தது தண்ணீர். மெட்ரோ வாட்டரில் குளோரின் கலந்து வருவதை நாம் எல்லோரும் மூக்கால் அறிவோம். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகவே அது சுவாசிக்கிறது என்பதால், அந்தத் தோலில் நேரடியாகப் படுகிற எதுவும் அதன் மூச்சில் படுவதாகவே கொள்ளவேண்டும். அகலமான வாளியில் ஓர் இரவு திறந்து வைத்த தண்ணீரைத்தான் நான் தெளிப்பேன். போர்வெல் தண்ணீர் இதைவிட மோசமாக இருக்கலாம். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது பழைய செய்தி. கடலோரத் தெருக்கள் பலவற்றிலும் குழாயைத் திறந்தால் உப்புக் கரிக்கிறது. உப்பு, புழுவின் உடலிலிருக்கும் நீரைத் தோல் வழியாக உறிஞ்சி வெளியேற்றிவிடும். நாக்கில் வைத்துப் பார்த்துக் கரித்தால் அந்தத் தண்ணீரைத் தொட்டியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அளவும் முக்கியம்: தொட்டி மண்ணைக் கைநிறைய அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரவேண்டும், ஒழுகினால் அதிகம்.

இனி, சுத்தம். சாணமும் மண்ணும் நிறைந்த வயிற்றோடு இருக்கும் புழு முள்ளில் கோத்ததும் கிழிந்து, உள்ளிருப்பதெல்லாம் விரலில் வழியும். அதனால் ஏரிக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே, வேண்டிய புழுக்களை மட்டும் எடுத்து, நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவும் கிழித்து நனைத்த செய்தித்தாளும் கலந்த வேறொரு சட்டிக்கு மாற்றிவிடுகிறேன். நார்க்கழிவுக் கட்டியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதிலும் உப்பு இருக்கும் என்பதால் நீர் தெளியும்வரை பலமுறை அலசவேண்டும். வழவழப்பான வண்ணத்தாள் வேண்டாம், சாதாரண நாளிதழே நல்லது. சட்டிக்கு மாற்றிய அன்று புழுவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உடலின் நடுவே கருப்பாக ஒரு கோடு தலை முதல் வால் வரை ஓடுவது தெரியும். மறுநாள் அந்தக் கோடு அங்கங்கே அறுபட்டுத் திட்டுத்திட்டாக நிற்கும். அதற்கடுத்த நாள் வால் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்க, உடல் முழுவதும் இளஞ்சிவப்பாக, தோல் இறுகி, கையில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு துள்ளும். அந்த நிலையில் கோத்த புழு, சிறு ஜிலேபி மீன்கள் கொத்தினாலும் முள்ளை விட்டு எளிதில் கழன்று போவதில்லை.

எறும்பைப் பற்றியும் சொல்லவேண்டும். தொட்டியைச் செங்கல் மேல் வைத்து, செங்கல்லை நீர் நிறைந்த தட்டில் நிறுத்திவிட்டால் செவ்வெறும்பு ஏறாது; தட்டு நீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும். மாதவரம் பால் பண்ணைப் பக்கம் கிடைக்கும் சாணத்தைப் பச்சையாகப் போட்டால் அது நொதித்துச் சூடேறி அமோனியாவை வெளிவிடும், ஆகவே சில வாரங்கள் ஆறவைத்து நாற்றம் போன பிறகே போடவேண்டும். வடித்த டீத்தூள், காய்கறித் தோல் ஆகியவற்றைக் கொஞ்சமாகப் போடலாம். எலுமிச்சைத் தோல், ஊறுகாய், குழம்பு மிச்சம் ஆகியவை கூடாது. மழை இரவுகளில் புழுக்கள் கூட்டமாகச் சுவரேறி வெளியே போக முயன்றால், மேலே ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். வெளிச்சம் பிடிக்காமல் உள்ளே இறங்கிவிடும். மழை இல்லாத நாளிலும் அப்படி ஏறினால் தொட்டிக்குள் ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள், அப்போது விளக்கைப் போடாமல் மண்ணை மாற்றுங்கள்.

எண்ணூர் முகத்துவாரம்:

அண்ணன் எழுதியது ஏரிப் புழுவுக்கு முற்றிலும் சரி. கழிமுகத்திலும், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுப் பாறைகளிலும் கிழங்கான், கீச்சான் மீன் பிடிக்கிறவர்களுக்கு, கழிமுகச் சேற்றில் தோண்டியெடுக்கும் சேற்றுப்புழுவே முதன்மையான இரை. அதற்கு விதிகள் ஏறக்குறைய தலைகீழாக இருக்கும். மண்புழுவுக்கு உப்புநீர் எமன் என்றால் இதற்கு நல்ல தண்ணீர் எமன். நல்ல தண்ணீரில் கழுவினால் உடல் நீரை உறிஞ்சி ஊதி, சிறிது நேரத்தில் துவண்டுவிடும். ஐஸ் உருகிய நீர்கூட அதன்மேல் படக்கூடாது.

நான் செய்வது இதுதான். தட்டையான தட்டில், கடல்நீரில் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளை விரித்து, புழுக்களை ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி பரப்பி, மேலே இன்னொரு ஈரத்தாளை மூடி, காசிமேட்டில் மீன் கட்ட வைத்திருக்கும் வகைத் தெர்மாகோல் பெட்டியில் வைப்பேன். குளிருக்கு, தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் படுக்கவைத்தால் போதும். தாளைக் காலையும் மாலையும் மாற்றவேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொசஸ்தலையாற்று வெள்ளம் இறங்கி முகத்துவாரத்து நீரே உப்புக் குறைந்து போயிருக்கும் என்பதால், தாள் நனைக்கும் நீரைக் கடல் பக்கத்திலிருந்துதான் எடுத்துவருவேன்.

சேற்றுப்புழு விஷயத்தில் பலர் கவனிக்காதது, அறுந்த புழு. தோண்டும்போது மண்வெட்டி பட்டோ கையால் இழுத்தோ பாதி அறுந்ததை நல்லவற்றோடு போட்டால், அதிலிருந்து வழியும் நீர் தாளில் ஊறி, பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுத்து, பொழுது விடிவதற்குள் தட்டு முழுவதும் நாறிவிடும். அறுந்ததை அப்போதே தனியாக எடுத்துக் கல்லுப்பில் புரட்டி வைத்துவிடுவேன். உயிர் போனாலும் இறுகி, அடுத்த முறை கிழங்கானுக்கு ஆகும். எடுக்கும்போது தலைப்பக்கம் கவனமாக இருங்கள். இதற்குத் தாடை உண்டு, கடிக்கும்.

எங்கே தோண்டுகிறோம் என்பதும் சுத்தத்தில் அடக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோது, கரைச் சேற்றைக் கிளறினாலே கைகளில் கருப்பாக ஒட்டியது, தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு பிடி சேற்றை எடுத்து முகர்ந்து, கடல்நீரில் கரைத்து, மேலே படலம் படிகிறதா என்று பார்க்காமல் தோண்டுவதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து வெளிறிய இடங்களில் தேடியும் பயனில்லை.

கொளத்தூர் மீன்கடைத் தெரு:

வண்ணமீன் வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் தெருவில் வண்ணமீனுக்குத் தீவனமாக விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு, மெல்லிய நீரோட்டத்தில் ஓயாமல் அலசப்படுவதால்தான் உயிரோடு இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் ஒரே இரவில் அழுகிவிடும். தூண்டில் முள்ளுக்கு அது மிக மெல்லியது, வாங்கி ஏமாறாதீர்கள். பெரிய மண்புழுக்களைத் தண்ணீரில் அலசி எடுத்துப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அலசியதும் எடுத்துவிடவேண்டும். மூடிய பாட்டில் தண்ணீரில் போட்டுக்கொண்டு பைக்கில் வெயிலில் போனால், நீரிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து வழியிலேயே செத்துவிடும்.

திருவொற்றியூர் செவிலியர்:

என் வீட்டில் தூண்டில் போடுகிறவர்கள் நானும் என் மகனும். புழுவின் சுத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நண்பர்கள் தங்கள் கைகளின் சுத்தத்தைப் பற்றி எழுதவில்லையே என்பதுதான் என் குறை. மழைக்காலத்தில் கால்வாய் ஓரத்திலும் குப்பைமேட்டு ஓரத்திலும் வெறுங்கையால் மண்ணைத் தோண்டிப் புழு எடுப்பவர்களைப் பார்க்கிறேன். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண், கையிலிருக்கும் சிறு வெட்டு வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுத்துவிடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலியும் கண் சிவப்பும் வந்தால், ஈரமண்ணில் கைவைத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரப்பர் கையுறை அணிந்துகொள்ளுங்கள்; சேற்றில் கண்ணாடித் துண்டுகளும் துருப்பிடித்த கம்பிகளும் கிடப்பதால் டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. மாலை நேரத்தில் ஏரிக்கரையில் கொசு விரட்டிக் களிம்பைத் தடவிக்கொண்டு அதே விரலால் புழுவை எடுத்தால், அந்தப் புழு துடித்துச் சுருண்டுவிடும். களிம்பை முழங்கைக்கு மேலேயும் காலிலும் பூசிக்கொண்டு, விரல்களைச் சோப்பு வாடை போகும்வரை கழுவிய பிறகே டப்பாவைத் திறக்குமாறு மகனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்பான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கேள்வியும் உண்டு. மிச்சமாகும் புழுவை நாங்கள் இதுவரை கரையிலேயே கொட்டிவிட்டு வருகிறோம். அதனால் கேடு உண்டா?

எண்ணூர் முகத்துவாரம்:

சேற்றுப்புழுவையும் அது கிடந்த நீரையும் வேறு நீர்நிலையில் கொட்டவேண்டாம், அம்மா. இந்தப் புழுவைத்தான் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குத் தீவனமாகக் கொடுக்கிறார்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தினர், புழு வழியாக வெள்ளைப்புள்ளி நோய் இறாலுக்குத் தொற்றக்கூடும் என்று 2005-இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். பழவேற்காட்டில் எடுத்ததை எண்ணூரில் கொட்டாமல், எடுத்த சேற்றிலேயே விடுங்கள். இல்லையென்றால் உப்பில் போட்டுவிடுங்கள்.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி:

மண்புழு மிச்சமானால் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். ஆனால் நேராகத் தாய்த்தொட்டியில் போடாதீர்கள். வெயிலில் அலைந்த டப்பாவில் சில புழுக்கள் குற்றுயிராக இருக்கும், அவை தொட்டிக்குள் செத்து மற்றவற்றையும் கெடுக்கும். ஒரு சட்டியில் ஈர நார்க்கழிவைப் பரப்பி மேலே கொட்டிவிட்டு, காலையில் பாருங்கள். தெம்புள்ளவை தாமாகவே உள்ளே இறங்கியிருக்கும். மேலேயே கிடப்பவற்றைப் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு, இறங்கியவற்றை மட்டும் தாய்த்தொட்டிக்கு மாற்றுங்கள்.