உட்சூடா, அகவெப்பமா? கையேடு நாளை அச்சுக்கு

தக்கலை மருத்துவர்: அன்பர்களே, செவிலியர் பயிற்சிக் கையேடு நாளை மாலை நாகர்கோவிலில் அச்சுக்குப் போகணும். தீப்புண் அறுவைப் பாடத்தில் 'கோர் டெம்பரேச்சர்', அதாவது உடம்பின் உள்ளுறுப்புகளின் வெப்பநிலை, இதற்குத் தமிழ்ச் சொல் ஒன்றுதான் பாக்கி. தோல் போன உடம்பில் சூடு நிற்காது. அதனால் உணவுக்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ உணரி (சென்சார்) வைத்துப் பார்க்கிறோம். 36 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் ரத்தம் உறைவது கெடும். 32-க்கும் கீழே என்றால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலையலாம். 'உட்சூடு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் அன்பர்: உட்சூடு வேண்டாம் டாக்டர். நம்மூரில் அது மூலமும் கண்ணெரிச்சலும். கூட நிற்கிற பெரியம்மா இளநீர் வாங்க ஓடிருவா. தீப்புண் வார்டில் சூடு என்றால் சுட்ட காயமும்தான். 'அகவெப்பம்' போதுமே.

நாகர்கோவில் தமிழாசிரியர்: அகவெப்பம் தலைவி கொண்ட பசலை மாதிரி ஒலிக்கிறது தம்பி. 'மைய வெப்பநிலை' என்க. இன்னொன்று: விளவங்கோட்டில் காய்ச்சலைப் 'பனி' என்பார்கள். மலையாளம் என்று ஒதுக்காதீர்கள். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல். காய்ச்சலிலும் நடுக்கம், குளிரிலும் நடுக்கம். வெப்பம் தாழ்வதற்கு 'உட்பனிப்பு' என்றே வைக்கலாமே!

தக்கலை மருத்துவர்: ஐயா, தசை தளர்த்தும் மருந்து கொடுத்தபின் நோயாளி நடுங்கவே மாட்டார். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள உடம்புக்கு வழியில்லை, அதனால்தானே உணரி. பனிப்பு என்று எழுதினால் பிள்ளைகள் நடுக்கத்தைத் தேடிக்கொண்டு நிற்கும்.

தக்கலை செவிலியர்: மைய வெப்பநிலை குறையுதுன்னு சொன்னா எங்க ஆட்கள் காதுல 'மய்யித்து'ன்னு, பிணம்னு விழும் சார். அதை விடுங்க, ஈசிஜி பத்தி எழுதுனீங்களா? வெந்த தோலில், களிம்புக்கு மேல, ஒட்டுவில்லை நிற்காது. ஊசி மின்வாய் (எலக்ட்ரோடு) குத்தணும், இல்லாட்டி தோலில் போட்ட ஸ்டேப்ளர் பின்னில் கம்பியை மாட்டணும். பிள்ளைகளுக்கு அதுதான் முதல்ல தெரியணும்.

தக்கலை மருத்துவர்: ஈசிஜியை ஈசிஜி என்றே விட்டேன். மின்வாய் சங்கதியைச் சேர்த்துவிட்டேன். மற்றபடி 'அகவெப்பநிலை'க்குத்தான் ஆள் கூடுதல்; அதையே போடுகிறேன்.

நாகர்கோவில் தமிழாசிரியர்: போடுங்கள். ஆனால் அகம் என்றால் வீடும்தான். அறுவை அரங்கையே 30 டிகிரி வாக்கில் சூடேற்றுவீர்கள் அல்லவா? எந்தப் பிள்ளையாவது அரங்கின் வெப்பநிலையை நோயாளியின் 'அகவெப்பநிலை'க் கட்டத்தில் எழுதினால் என்னைக் கேட்காதீர்கள்.