முற்றவெளி ராட்டினம் பால்குடியளுக்காம், கேட்டியளோ?

கோண்டாவில் வாத்தி (இரவு 8:12)
நேற்று நான் போட்ட யாழ்ப்பாணம் முற்றவெளிக் கார்னிவல் ராட்டினப் படத்துக்குக் கீழ ஸ்காபரோவில இருக்கிற ஒருத்தர் எழுதினதை வாசிச்சுப்போட்டு எனக்கு நித்திரையே வரேல்லை. அப்பிடியே தாறன்: "உதெல்லாம் பால்குடியளுக்கு. றைட் எண்டா எங்கட கனடா வொண்டர்லாண்ட் பார்க்கில இருக்கிற லெவியாதன் றோலர் கோஸ்ரர். 306 அடி, 90 பாகையில நேர கீழ விழும். குடும்பத்தோட ஆறுதலாச் சுத்துற சாமானை றைட் எண்டு படம் போடுறியளே, வெக்கமில்லையோ."
எனக்கு வயது 67. முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சனான். அந்த ராட்டினத்தில பேத்தியோட ஏறினதும் நான்தான். மேல போய் நிண்டா ஒரு பக்கம் கோட்டை, மற்றப் பக்கம் துரையப்பா மைதானம், அங்கால பண்ணைப் பாலத்தில பஸ்ஸின்ர லைற் மெல்லமா ஊருது, பேத்தி கேக்கிறா "அப்பப்பா உந்தக் கடலுக்கு அங்கால ஆர் இருக்கினம்" எண்டு. மணிக்கு 148 கிலோமீற்றரில போறவரிட்ட பிள்ளை உப்பிடி ஒரு கேள்வி கேக்குமோ?
ஆனா நான் எழுத வந்தது அதுக்கில்லை. லெவியாதன்ர இறக்கம் 90 பாகை இல்லை. 80.

ஸ்காபரோ சிங்கம் (8:40)
மாஸ்ரர் வணக்கம். பேர் போடாமல் எழுதினாலும் அது நான்தான், எனக்கென்ன ஒளிப்பு. லெவியாதன் 2012இல திறந்தது, திறந்த வருசமே ஏறினனான், இண்டைக்கு வரைக்கும் 22 தரம். முன்சீட்டில இருந்து விளிம்புக்கு வரேக்க கீழ தண்டவாளமே தெரியாது, வயிறு தொண்டைக்கு வரும், கையை மேல தூக்கினா சீட்டை விட்டுக் கிளம்புவியள். அது 90 தான். ஏறாதவை கூகிளைப் பாத்துக் கதைக்கக் கூடாது.

கோண்டாவில் வாத்தி (8:44)
ஏறினா பாகை மாறுமோ தம்பி? பனையில ஏறினவன் இறங்கி வந்து எவ்வளவும் புழுகலாம், பனை வளராது. 80.

நெல்லியடி நண்டு (8:46)
தொடங்கிட்டாங்கள் 😂 நான் கச்சானோட வந்திருக்கிறன்

லா சப்பல் அம்மா (8:59)
பாகையை விடுங்கோ அண்ணைமார், நான் ஒரு உண்மை சொல்லுறன். உந்தப் பெரிய றைட்டுகளுக்கெல்லாம் உயரக் கட்டுப்பாடு இருக்கு, லெவியாதனுக்கு 137 சென்ரிமீற்றர் வேணும், என்ர சின்னவனுக்கு இன்னும் ஒரு சாண் காணாது. அப்ப என்ன நடக்கும், இவரும் பெரியவனும் கியூவில போய் ஒரு மணித்தியாலம் நிப்பினம், நான் வெய்யிலுக்க நாலு பையையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுற சின்னவனோட நிப்பன், அவை மூண்டு நிமிசம் கத்திப்போட்டு வந்து "சூப்பர் அம்மா" எண்டுவினம். எனக்கு அங்க என்ன சூப்பர்? இஞ்ச பரிஸ் டிஸ்னியில பொம்மையளைப் பாத்துக்கொண்டு மெல்லமாப் போற படகில எங்கட அம்மாவையும் ஏத்தினனான், 74 வயது, முழங்கால் ஏலாது. நாங்கள் அஞ்சு பேரும் ஒரே படகில. அம்மா சுத்திவரப் பாத்துப்போட்டு "உவ்வளவு பொம்மைக்கும் ஆர் பிள்ளை தூசி தட்டுறது" எண்டு கேட்டா, இண்டைக்கும் வீட்டில அந்தக் கதை சொல்லிச் சிரிக்கிறம்.

ஸ்காபரோ சிங்கம் (9:05)
அக்கா அது கோயிலுக்குப் போறமாதிரி, றைட் இல்லை. தூசி பாக்கவோ அவ்வளவு காசு குடுத்துப் போறது? நெஞ்சு ஒருக்கா நிண்டு திரும்ப அடிக்கவேணும், அதுக்குப் பேர்தான் றைட். மிச்சம் எல்லாம் இருக்கிற கதிரை.

ஈஸ்ற்ஹாம் மாமா (9:11)
தம்பி உயரம் உயரம் எண்டு துள்ளுறார். எங்கட லண்டன் ஐ ராட்டினம் 135 மீற்றர், அதாவது 443 அடி. உம்மட லெவியாதனை விட 137 அடி கூட. ஒரு சுத்துக்கு அரை மணித்தியாலம். போன கிழமை எங்கட மாமி அதுக்குள்ள நிண்டுகொண்டு மருமகளோட சண்டை பிடிச்சவ, பயமெண்டு ஒண்டும் இல்லை. ராட்டினம் எண்டாச் சின்னச் சாமான் எண்டு நினைக்கப்படாது, 1893இல சிகாகோவில பெரிஸ் எண்டவர் கட்டின முதலாவதே 264 அடி, 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். கணக்கு மாஸ்ரர் பெருக்கிச் சொல்லுவார்.

கோண்டாவில் வாத்தி (9:12)
2160. லெவியாதன் 80.

சுன்னாகம் மேசன் (9:20)
நான் படிக்காத ஆள். ஆனா 90 எண்டா எங்களுக்குத் தூக்குக்குண்டு. நூலைத் தொங்கவிட்டா சுவரோட ஒட்டி நிக்கவேணும், அதுதான் 90. வாத்தியார் சொல்லுற 80இல நூறடிக்குச் சுவர் எழுப்பினா உச்சிக்கும் அடிக்கும் எவ்வளவு விலத்தும்?

கோண்டாவில் வாத்தி (9:23)
நல்ல கேள்வி. ஏறத்தாழப் பதினேழரை அடி.

சுன்னாகம் மேசன் (9:24)
பதினேழரை அடியோ! அரை அங்குலம் விலத்தினாலே வீட்டுக்காரன் மிச்சக் காசு தரமாட்டான். தம்பி அது 90 இல்லை.

ஸ்காபரோ சிங்கம் (9:31)
வாழ்க்கையில ஒருநாளும் கோஸ்ரரைக் காணாத மேசன் எனக்கு லெவியாதன் படிப்பிக்கிறார். நல்லா இருக்கு யாழ்ப்பாணம். இதுதான் நான் ஊருக்கு வாறேல்லை.

நெல்லியடி நண்டு (9:32)
போன ஆவணி நல்லூர்த் தேருக்கு வந்து மூண்டு கிழமை நிண்டனியள்தானே அண்ணை, வீதியில காப்பு மினுங்க ஐஸ்கிறீம் குடிச்ச படம் இன்னும் கிடக்கு

கட்டுபெத்தைப் பெடியன் (9:40)
எனக்கும் வேகமான றைட்தான் விருப்பம், சிங்கம் அண்ணையின்ர கட்சிதான், ஆனா அண்ணை ரெண்டைப் போட்டுக் குழப்புறார் எண்டு நினைக்கிறன். அதே பார்க்கில 90 பாகையில விழுறது யூகொன் ஸ்ட்ரைக்கர், 2019இல வந்தது. விளிம்பில மூண்டு செக்கன் அப்பிடியே நிப்பாட்டி வச்சுப்போட்டு விடுவாங்கள், கீழ தண்ணிக்குள்ள சுரங்கம், 130 கிலோமீற்றர். லெவியாதன் 80 தான், ஆனா உயரமும் வேகமும் அதுக்குத்தான் கூட. இன்னொண்டு, உதுகள் எல்லாரும் நினைக்கிற மாதிரி ஆபத்தான சாமான் இல்லை, சில்லு தண்டவாளத்துக்கு மேல மட்டுமில்லை, பக்கத்திலயும் கீழயும் இருக்கு, மூண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சுக்கொண்டுதான் ஓடும். சீட்டை விட்டுக் கிளம்புறது உடம்பு மட்டும், வண்டில் கிளம்பாது.

ஸ்காபரோ சிங்கம் (9:46)
தம்பி நீயுமோ. ரெண்டும் ஒரே பார்க், ஒரே வாசல், ஒரே ரிக்கெற். எது 90 எண்டா என்ன? மனுசன் விழுறான், அதுதான் கதை.

கோண்டாவில் வாத்தி (9:58)
"எது 90 எண்டா என்ன" எண்டு ஆர் எழுதினது? படம் எடுத்து வச்சிருக்கிறன். இப்ப கணக்குக்கு வருவம். 306 அடி எண்டது 93 மீற்றர் சொச்சம். காத்தும் உராய்வும் இல்லையெண்டு வச்சா கீழ வரேக்க வேகம் மணிக்கு 154 கிலோமீற்றர் வரவேணும். அவங்கள் சொல்லுறது 148. மிச்சத்தைக் காத்தும் சில்லும் திண்டுபோடும். விழுந்த உயரம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது, சரிவு எத்தினை பாகை எண்டது இல்லை, உது பத்தாம் வகுப்புப் பாடம்.

ஸ்காபரோ சிங்கம் (10:03)
ஆஹா!! அப்ப பாகை முக்கியமில்லை எண்டு நீங்களே உங்கட வாயால சொல்லிட்டியள் மாஸ்ரர். முடிஞ்சுது. எல்லாரும் படுங்கோ.

கோண்டாவில் வாத்தி (10:04)
வேகத்துக்கு முக்கியமில்லை. புழுகுக்கு முக்கியம்.

கோண்டாவில் வாத்தி (10:05)
80.

லா சப்பல் அம்மா (10:15)
நான் எழுதினதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை, பை பிடிக்கிறது ஆர்? டிஸ்னிக்காரன்ர கதை தெரியுமோ, லொஸ் ஏஞ்சலிஸில கிரிபித் பார்க்கில மகள்மார் ரெண்டு பேரும் குடை ராட்டினத்தில சுத்த, தான் வாங்கில குந்திக்கொண்டு கச்சான் திண்டபடி பாத்துக்கொண்டிருந்தவராம், பெற்றாரும் பிள்ளையளும் ஒண்டா விளையாட ஒரு இடம் வேணுமெண்டு அப்பதான் யோசிச்சவராம். 1955இல டிஸ்னிலாண்ட் திறந்தது, அங்க முதல் றோலர் கோஸ்ரர் வந்தது 1959இல. நாலு வருசம் உங்கட நெஞ்சு நிக்கிற சாமான் இல்லாமலே சனம் போனது.

ஸ்காபரோ சிங்கம் (10:19)
நாலு வருசத்தில அவனுக்கே அலுத்துப்போச்சு, அதுதான் கட்டினவன் 😎 நன்றி அக்கா, எனக்கு வேண்டியதை நீங்களே எடுத்துத் தந்திட்டியள். கியூவைப் பாருங்கோ, குடை ராட்டினத்துக்கு ஆர் ஒரு மணித்தியாலம் நிக்கினம்?

லா சப்பல் அம்மா (10:21)
கியூ நீளமெண்டா நல்லதெண்டா பாஸ்போட் கந்தோர்தான் உலகத்தில திறமான றைட்.

சுன்னாகம் மேசன் (10:30)
பயம் எண்டதுக்குக் கனடா போகத்தேவையில்லை எண்டதைத்தான் நான் சொல்லுவன். சோளகம் அடிக்கேக்க குறிகட்டுவானில இருந்து நயினாதீவுக்குப் படகெடுங்கோ, தாயும் பிள்ளையும் ஆச்சியும் அருச்சனைத் தட்டும் எல்லாம் ஒண்டா எழும்பி ஒண்டா விழும், எல்லாரும் "அம்மாளாச்சி" எண்டு கத்துவினம். குடும்ப றைட்டும் அதுதான், பயங்கர றைட்டும் அதுதான். எங்கட ஐயா காலத்தில துலா மிதிச்சவங்கள், கிணத்துக்கு மேல ஒற்றை மரத்தில அங்காலயும் இஞ்சாலயும் நடக்கவேணும், பெல்ற்றும் இல்லை ஒரு கோதாரியும் இல்லை, தோட்டத்துக்குத் தண்ணி போகவேணும், அவ்வளவுதான்.

நெல்லியடி நண்டு (10:33)
2021 மார்கழியில எங்கட பருத்தித்துறைப் பக்கம் பட்டக் கயித்தோட மேல போன பெடியனை விட்டிட்டியளே. கயித்தை விடு விடு எண்டு கீழ நிண்டவங்கள் கத்த, உலகம் முழுக்க வீடியோ ஓடினது. அது எத்தினை பாகை மாஸ்ரர்?

கோண்டாவில் வாத்தி (10:36)
கயித்தின்ர சரிவு தெரியாமல் சொல்ல ஏலாது. தெரியாததைச் சொல்லாமல் விடுறதும் ஒரு பழக்கம், ஸ்காபரோவிலயும் பழகலாம்.

ஸ்காபரோ சிங்கம் (10:44)
மாஸ்ரர் என்னைத் தனிப்படத் தாக்கிறார். எனக்கு விளங்கும் ஏன் எண்டு. போன மாசம் ஒடியல் கூழுக்கு நண்டு போட்டா ருசி கெடும் எண்டு இவர் சொல்ல, நான் எதிர்த்து எழுதி எனக்கு நூற்றுச் சொச்சம் லைக் வந்தது, அந்தக் காய்ச்சல் இன்னும் ஆறேல்லை. கூழில தோத்தவர் கோஸ்ரரில வெல்லப் பாக்கிறார்.

கோண்டாவில் வாத்தி (10:47)
ருசி கெடும் எண்டு நான் சொல்லேல்லை. நண்டு கூடினா ஒடியல் மணம் எடுபடும் எண்டனான். அதையும் உப்பிடித்தான் மாத்தி எழுதினீர். 80ஐ 90 ஆக்கின கைதானே.

நெல்லியடி நண்டு (10:48)
என்ர பேரைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறியள், எனக்கே கூச்சமா இருக்கு

ஈஸ்ற்ஹாம் மாமா (10:52)
கூழுக்கு நண்டு கட்டாயம். றால் போடாத கூழும் கூழில்லை. பயித்தங்காய் ஆர் விட்டது?

கட்டுபெத்தைப் பெடியன் (10:58)
ஐயோ தலைப்பு என்ன, நீங்கள் எங்க நிக்கிறியள். நான் ஒண்டு கேக்கிறன், முற்றவெளி ராட்டினத்துக்கு வருவம். போன வருசம் வேற ஒரு ஊர்க் கார்னிவல்ல ஏறினனான், மேல போய் நிக்கேக்க பெட்டியின்ர கதவுக் கொழுக்கி கயித்தால கட்டிக் கிடந்தது. சத்தியமா லெவியாதனில எனக்கு அந்தப் பயம் வராது. மெதுவாச் சுத்துறதால பாதுகாப்பெண்டு அர்த்தமில்லை.

ஸ்காபரோ சிங்கம் (11:02)
கேட்டுக்கொள்ளுங்கோ!!! பெடியன் சொல்லுறான். இஞ்ச ஒவ்வொரு நாளும் விடியச் சோதிச்சு, வெறும் வண்டிலை ஓடவிட்டுப் பாத்துத்தான் ஆக்களை ஏத்துவாங்கள். அப்ப எது குடும்பத்துக்கு நல்லது?

கோண்டாவில் வாத்தி (11:06)
கயித்தால கட்டினது பிழை. பெரும் பிழை. அதை நான் மறுக்கேல்லை. ஆனா அந்தக் கயிறு கயிறெண்டுதான் பெடியன் எழுதினான், சங்கிலி எண்டு புழுகேல்லை.

லா சப்பல் அம்மா (11:09)
மாஸ்ரர் நீங்கள் என்ர பக்கம் எண்டு நினைச்சன், நீங்கள் பாகையின்ர பக்கம்.

கோண்டாவில் வாத்தி (11:11)
நான் உங்கட பக்கம்தான் தங்கச்சி. ஆனா 80.

ஸ்காபரோ சிங்கம் (11:20)
வேலையில இருந்து எழுதுறன், மனேசர் ரெண்டு தரம் பாத்திட்டான். கடைசியா ஒரு படம் போடுறன், நானே வாசலுக்குப் பக்கத்தில நிண்டு எடுத்தது. கண்ணிருக்கிறவை பாருங்கோ, நேர கீழ.

கோண்டாவில் வாத்தி (11:34)
பேத்தியின்ர பாகைமானியை எடுத்துத் திரையில வச்சுப் பாத்திட்டன். 79க்கும் 81க்கும் இடையில.

ஸ்காபரோ சிங்கம் (11:36)
கமரா சரிஞ்சு போச்சு.

சுன்னாகம் மேசன் (11:37)
பின்னால நிக்கிற கொடிக்கம்பம் நேராத்தானே நிக்குது தம்பி?

ஸ்காபரோ சிங்கம் (11:38)
கம்பம்தான் சரிவு.

இணுவில் புதுசு (11:51)
எல்லாருக்கும் வணக்கம், இப்பதான் சேந்தனான். முற்றவெளிக் கார்னிவல் நாளைக்கும் இருக்கோ? மழை பெய்தா ராட்டினம் ஓடுமோ? அஞ்சு வயசுப் பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமெண்டு யோசிக்கிறன், ஆராவது சொல்லுங்கோ.

கோண்டாவில் வாத்தி (11:53)
தம்பி, முதல் மேல கிடக்கிற படத்தைப் பாரும். அந்தக் கம்பம் நேரா நிக்குதோ இல்லையோ எண்டு சொல்லும்.